இரண்டாம் வயலின்

பதினொரு பேர், ஒரு வேன், ஒரு ஜெனரேட்டர்.
திருவிழாக் கமிட்டி தந்த அட்வான்ஸ்
டீசலுக்கே சரி.

"ரெண்டு வயலின் எதுக்குங்க,
ஸ்பீக்கர்ல ஒண்ணுதானே கேக்குது?"
செயலாளர் தங்கவேலாயுதம்.
கீபோர்டிலேயே எல்லாம் வருமென்று
அவர் மருமகன் சொல்லியிருக்கிறான்.
நாலாயிரம் குறைத்தேன்.
வயலினைக் குறைக்கவில்லை.

விடியப்போகும் நேரம்,
கொட்டகலை வளைவில் மூடம். வேன் நிற்கிறது.
உள் லைட்டில் சம்பளம் பிரிக்கிறேன்.
டிரம்ஸ் சுனிலுக்குப் பழைய பாக்கியும் சேர்த்து.
ஜெசிந்தாவுக்கு ஹட்டனில் பஸ் ஏறச் சில்லறை.

இரண்டாம் வயலின் மரியநேசன்
வாயைத் திறந்தபடி தூங்குகிறார்.
எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம்,
ஏழாம் வகுப்புக்குக் கணக்கு.
மூன்றாம் பாட்டில்
முதல் வயலினுக்குக் கம்பி அறுந்தது.
கம்பி மாற்றி முடியும்வரை
பாட்டு எங்கும் நிற்கவில்லை.
அதனால்தான் கமிட்டிக்குத் தெரியாது.

சட்டைப் பையில் உறையைச் செருகினேன்.
அசையவில்லை மனுஷன்.

கொப்பியில் மீதி முந்நூற்று நாற்பது.
'மேனேஜர்' என்ற கட்டத்துக்கு மேலே
பேனா கொஞ்சம் நின்றது.

"மூடம் கலையுது அக்கா, போவமா?"

போவோம்.
சனிக்கிழமை பொகவந்தலாவை.
அங்கேயும்
இன்னும் அட்வான்ஸ் வரவில்லை.