ஏழாவது விளக்கு

சாவியைப் பாதி திருப்பினால் போதும்,
இஞ்சின் எழாது.
முகப்பில் மட்டும் எல்லா விளக்கும் ஒருமுறை எரியும்,
பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன்" என்று
எழுந்து உட்காரும் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி.
வண்டி வாங்கி ஒன்பது வாரம்.
தினமும் பார்க்கிறேன், எண்ணியதில்லை.
எழாத பிள்ளையை
யார் எண்ணுவார்கள்?

பிஷ்கெக், மேற்குப் பேருந்து நிலையம்,
விடிய இன்னும் நேரமிருக்கிறது, மைனஸ் பத்தொன்பது.
"நாரின்! நாரின்! ஒரே ஒரு இடம்!"
என் குரல் புகையாகிப் போகிறது.
உள்ளே மூன்று பேர்:
சூடான ரொட்டிப் பையைக் கட்டிக்கொண்ட நர்ஸ்,
கதவு சாத்தியதும் தூங்கிப்போன ராணுவப் பையன்,
தங்கை கல்யாணத்துக்கு
இரண்டு நாள் தாமதமாய்ப் போகும் ரிஸ்கெல்தி.

பக்கத்தில் நிற்பது ஒமுர்ஸாக்கின் சுபாரு,
என்னுடையதோடு இரட்டையாய்ப் பிறந்தது.
தேநீர் இருக்கிறதென்றான். போய் உட்கார்ந்தேன்.
ஹீட்டருக்காக அவன் சாவியைத் திருப்ப
கைபிரேக் எழுந்தது, பெல்ட் போடாத மனிதன் எழுந்தான்,
கூட்டலும் கழித்தலும் எழுதிய பேட்டரிப் பெட்டி எழுந்தது,
இன்னும் யார் யாரோ.
நடுவில் ஒரு சிவப்புக் கெண்டி,
மூக்கு நுனியில் ஒரு சொட்டு.

"இது என்ன?"
"எண்ணெய் அழுத்தம்."
"என் வண்டியில் இது இல்லையே."

ஊற்றிக்கொண்டிருந்தவன்
கை அப்படியே நின்றது.

முகப்பைக் கழற்றி டார்ச் அடித்தோம்.
பல்பு கருகியிருக்கவில்லை. உடைந்திருக்கவில்லை.
இரண்டு விரலால் யாரோ கால் சுற்றுத் திருகி
எடுத்துப் போயிருக்கிறார்கள்.
காலிக் குழி.
சந்தையில் விற்றவன் தங்கப்பல் தெரியச் சொன்னான்:
"அக்கா, ஓட்டிப் பாருங்கள், ஒரு விளக்கு எரியாது."
பொய் சொல்லவில்லை அவன்.

கண்ணாடிக் கைப்பெட்டியில் ஒமுர்ஸாக்கிடம்
மிளகளவு பல்பு ஒன்று கிடந்தது.
போட்டான். கெண்டி சிவந்தது.
இஞ்சினை எழுப்பினேன்.
ஒவ்வொன்றாய் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.
அது மட்டும் நின்றுகொண்டே இருந்தது.

அளவுக் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டேன்.
எண்ணெய் கோடு வரை இருக்கிறது.
குறைந்திருந்தால் நிம்மதி, ஒரு டப்பா ஊற்றியிருக்கலாம்.
இருக்கிறது, ஆனால் மேலே ஏறவில்லை.
இரண்டு வாரமாய் ஏற்றத்தில்
உள்ளே யாரோ கதவு தட்டுவது போல் ஒரு சத்தம்;
குளிர் என்று நினைத்து
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

அப்போதுதான் வந்தாள் நாலாவது ஆள்,
கையில் கூண்டு, கூண்டில் கோழி.
"கிளம்பலாமா?"
இஞ்சினை அணைத்தேன்.
வாங்கிய காசை ஒவ்வொருவர் கையிலும் திருப்பி வைத்தேன்.
எல்லாரும் ஒமுர்ஸாக் வண்டிக்கு மாறினார்கள்,
பையனைத் தூக்கத்திலேயே நடத்திப் போனார்கள்.
ரிஸ்கெல்திக்குத்தான் மனசில்லை.
"ஒரு விளக்குக்காகவா, புருல்சுன்?
மஞ்சளாக இருந்தால் போயிருப்பாயா?"
"மஞ்சள் என்றால் திட்டிக்கொண்டே போயிருப்பேன்.
இது சிவப்பு.
டோலோன் கணவாயில் இஞ்சின் இறுகினால்
நீ அடுத்த தங்கை கல்யாணத்துக்கும் தாமதம்."

சிரிக்கவில்லை. போய்விட்டார்கள்.

அணைந்த வண்டிக்குள் நான் மட்டும்.
மூச்சு கண்ணாடியில் பனியாய்ப் பிடிக்கிறது.
மிர்லான் ஞாயிறு தோறும் பேசுவான்,
யெகாதெரின்பர்க்கில் கட்டட வேலை.
எல்லாம் நலம் என்பான், எப்போதும் ஒரே குரலில்,
இருமல் வந்தால் போனைத் தள்ளிப் பிடித்துக்கொள்வான்.
நல்ல வண்டி, நல்ல புருஷன்,
ஒரு விளக்கு எரியாது.

இன்று செவ்வாய்.
அங்கே இன்னும் ஒரு மணி நேரம் பின்னால், தூங்குவான்.
இருந்தாலும் போட்டேன்.

மணி அடிக்கிறது.
எடுக்கும் வரை சாவியைப் பாதி திருப்பி
ஒவ்வொன்றாய் எண்ணுகிறேன்.