பதினான்காம் நிமிடம், முப்பத்திரண்டாம் நொடி

நிமிடத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
எங்கோ வடகடல் ஓரத்து ஊர் ஒன்று
செத்துப்போன மீனவர்களின் பேச்சை
ஒலிக்கோப்பாக அனுப்பியிருக்கிறது.
கடலூர் முதுநகரில்
மாடியறை ஒன்றில் உட்கார்ந்து
அதை நான் எழுத்தாக்குகிறேன்.
புரியாத இடத்தில் 'கேட்கவில்லை' என்று போடலாம்.
பக்கத்துக்கு மூன்று வரை மன்னிப்பு.

இன்றைய ஆள் பெயர் வில்ஃப்.
இருமுகிறார். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது.
நாய் ஒன்று எழுந்து வேறிடம் போய்ப் படுக்கிறது.
மகன் படகோடு போனதைச் சொல்கிறார்.
பேட்டி எடுக்கும் பெண் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு அவரே:
அதைத் 'தோல்' பண்ணத்தான் வேணும், வேறென்ன.

தோல்.
பின்னால் இழுத்து மறுபடி கேட்டேன்.
ஒன்பது தடவையும் தோல்.

அகராதி சொன்னது:
வடக்கத்திப் பேச்சு, பழஞ்சொல், நகரம் கைவிட்டது.
பொறு. தாங்கு. பட்டுக்கொண்டிரு.
ஆயிரம் ஆண்டுக்கு முன் அதன் முதலெழுத்து
இன்று அவர்கள் நெடுங்கணக்கிலேயே இல்லாத ஒன்று.
அந்த எழுத்துக்கு முள் என்று பெயர்.
முள்ளை எடுத்துவிட்டு
சொல்லை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால்
நாத்தனார் வீட்டுக்காரர் எழுதுவார்:
பாத்தியா, எல்லாம் நம்மகிட்டேயிருந்து போனது.
போகவில்லை.
தோலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.
தோளுக்கும் இல்லை. தோல்விக்கும் இல்லை.
எனக்குத் தெரியும்.
தெரிந்தும் நாக்கு
மூன்றையும் தொட்டுவிட்டுத்தான் வந்தது.

நாற்பதாம் நிமிடத்தில் மறுபடி தோல்.
இந்த முறை வேறு:
படகு விளிம்பில் அடித்த முளை,
துடுப்பு சாய்ந்து தள்ளும் இடம்.
அகராதி கறாராக இருந்தது.
ஒலி ஒன்று, வேர் வேறு, குழப்ப வேண்டாம்.

சாயங்காலம் உப்பனாற்றைக் கடக்கையில்
மஞ்சினியிடம் கேட்டேன், இதுக்கு என்ன பேரு?
"முளைதான். போன மாசம் ஒடஞ்சுது,
கம்பி சொருகிட்டேன்."
துடுப்பைப் போட்டார். கம்பி கிறீச்சிட்டது.
துடுப்பு போவதும் வருவதுமாக இருக்க
அது மட்டும் நின்ற இடத்தில் நின்று
ஒவ்வொரு தள்ளலையும் வாங்கிக்கொண்டது.
அகராதிக்காரர்
இந்தப் படகில் ஏறியதில்லை.

தெற்கிலிருந்து காற்று திரும்பினால்
சிப்காட் நாற்றம் சன்னலைத் தட்டாமல் வரும்:
அழுகின முட்டை, அப்புறம் நெயில் பாலிஷ்,
சில ராத்திரி இனிப்பாக ஏதோ.
அங்கே சாய ஆலையில்
தனவேலுக்கு இரவு ஷிப்ட்.
முழங்கைக்குக் கீழே
பழஞ்சுவரின் சுண்ணாம்பு போல உரிகிறது.
"அரிக்கல" என்பார், சொறிந்துகொண்டே.
வேற வேலை பாரேன் என்றால்
டிவியைச் சத்தமாக வைப்பார்.

தோல் என்றே எழுதி அனுப்பினேன்.
சென்னையிலிருந்து திருத்தி வந்தது:
அப்படியொரு சொல் இல்லை. 'பிடி' என்பதே சரி.
செவிப்பிழைக்கு நான்கு ரூபாய் கழிவு.
ஓர் ஓசை மாறினால் போதும் அவர்கள் மொழியில்.
அதைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும், வேறென்ன
என்று இனிமேல்
வில்ஃப் சொல்லிக்கொண்டிருப்பார், எழுத்தில்.
எதைப் பிடிப்பார்?
மகனையா, படகையா?

காலை ஆறரை.
தனவேல் சட்டையைக் கழற்றிவிட்டுக்
கேட்காமலே கையை நீட்டுகிறார்.
தேங்காயெண்ணெயைச் சுடவைத்துத் தடவுகிறேன்,
மேலிருந்து கீழாக, உரிந்ததை இழுக்காமல்.
கழுத்தில் தொங்கும் ஹெட்போனில்
சன்னமாக
அந்த நாய் எழுந்து வேறிடம் போய்ப் படுக்கிறது.
வில்ஃப் இருமுகிறார்.
இன்னும் சொல்லவில்லை.