காலிக் குழாய்

இந்தக் காருக்கு வாங்கத்தான் தெரியும்.
இரவெல்லாம் குடித்துவிட்டு
விடியலில் நூறு என்று காட்டும்.
குஞ்சப்பனை இறக்கத்தில் மட்டும்
மலை கொடுத்ததில் ஏழெட்டு சதவீதம் சேர்த்துவைக்கும்.
அதையும் ஏறும்போது
தானே தின்றுவிடும்.

போன ஐப்பசியில் கட்டபெட்டு முழுக்க நான்கு நாள் இருட்டு.
ஒரசோலை மாடுகளுக்கென்று வைத்திருந்த
நூற்றிருபது டோஸ் கோமாரித் தடுப்பூசி
ஃபிரிட்ஜுக்குள் மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம், ஷெட்டில்,
தொண்ணூற்றொரு சதவீதம்
போர்வை போர்த்தித் தூங்கியது.
மூன்று வாரம் ஓட்டியிருக்கும் அந்த ஃபிரிட்ஜை.
நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல்.

இதையெல்லாம் பியூலாவிடம் சொன்னேன்.
சாக்பீஸால் தரையில் கோடு இழுத்துக்கொண்டே கேட்டாள்.
மீட்டர் பெட்டியிலிருந்து ஷெட் வரை பதினேழு மீட்டர்,
குறுக்கே ஒரு சில்வர் ஓக் வேர்.
இன்றைக்கு ஆறு எம்எம் கம்பி போதும்;
பத்து என்று எழுதினாள்.
இருபத்தைந்து குழாய் போதும்;
நாற்பது என்று எழுதினாள்.
பக்கத்திலேயே இன்னொரு குழாய், காலியாக,
உள்ளே ஒரு நைலான் கயிறு மட்டும்.

எதுக்கு, என்றேன்.

"எதுக்குன்னு தெரியுற அன்னிக்கு
கான்கிரீட்டை உடைக்க வேண்டாம்ல டாக்டர்."

அடுத்த கார் கொடுக்கக் கற்றிருக்கும் என்றாள்.
அதன் பேச்சுக்கு ஒரு டேட்டா கம்பி,
அதன் பெட்டிக்குச் சுவரில் இரண்டடி இடம்,
ஃபிரிட்ஜ், இரண்டு பல்பு, ரௌட்டர் இவற்றுக்கு மட்டும்
தனியாக ஒரு சின்ன போர்டு.
கீசர்?
கீசர் கிடையாது.

நான் அவசரக்காரி.
இப்பவே ஏதாவது ஒரு பிளக்கைத் திருப்பிச் செருகி
வீட்டுக்குக் கொடுக்க முடியாதா, என்றேன்.

சாக்பீஸ் நின்றது.

"எந்தம்பி சைலஸ் போஸ்ட்ல இருந்தான்.
ஃபியூஸைப் பிடுங்கிட்டுத்தான் ஏறினான்.
கீழ ஏதோ ஒரு வீட்டுல
நீங்க சொன்ன மாதிரியே ஒரு ஜெனரேட்டர்."

மறுபடி கோடு இழுத்தாள்.

"இருக்கான். இடது கையில
ரெண்டு விரல் மடங்காது."

அதற்குப் பிறகு நான் எதற்கும் விலை பேசவில்லை.
மெயின் போர்டில், தெருவுக்கும் வீட்டுக்கும் இடையில்,
ஒரு ஸ்விட்சுக்கான வெற்றிடம் விட்டாள்:
ஒன்று அந்தப் பக்கம், அல்லது இந்தப் பக்கம்;
இரண்டும் சேர்ந்து ஒருநாளும் இல்லை.
எர்த் குழிக்கு நாலடியில் பாறை தட்டியது.
தேயிலைப் பாத்தி ஓரம் தள்ளி வேறொன்று தோண்டினோம்.
அளவெடுத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

கான்கிரீட் இறுகிய மூன்றாம் நாள்
குழாயின் இந்த வாயில் கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.
ஷெட்டில், அந்த முனையில் கட்டியிருந்த ஸ்பேனர்
டங் என்றது.
எலி நுழையாமல் இரண்டு வாய்க்கும் மூடி போட்டாள்.

போர்டுக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் அவள் எழுத்து:
"நாளைக்கு இங்கே கரண்ட் ரெண்டு பக்கமும் போகும்.
வேலை செய்ய வருபவர்
முதலில் தெருவில் போஸ்டைப் பார்க்கவும்.
யாராவது மேலே இருக்கலாம்."

பில்லில் எல்லாம் இருந்தது,
சாக்பீஸ் உட்பட.
கயிற்றை மட்டும் காணோம்.
கேட்டதற்கு,
அது இன்னும் வேலை செய்யலையே, என்றாள்.