பயிற்சி வாக்கு

சனிக்கிழமை பாசார் மாலாமில்
அப்போம் பாலிக் சுடுபவருக்கும்
கைப்பேசி உறை விற்பவனுக்கும் நடுவே
எங்களுக்குக் கிடைத்தது ஒரு மடக்கு மேசை அகலம்.
ஜெனரேட்டர் புகை, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும்
எங்களைத்தான் தேடி வருகிறது.
மெயின் ரோட்டில் செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம்
வாக்காளர் கையேடுகள் எழுந்து உட்காருகின்றன.

நீல வாளிக்கு ஒரு மூடி.
மூடியில் காய்கறிக் கத்தியால் நான் கீறிய பிளவு.
அதுதான் பெட்டி.
கூடாரக் கம்பியில் தொங்கும் கைலிக்குப் பின்னால்
மறைவிடம்.

வேட்பாளர்கள் மூவர்: குடை, வாளி, டார்ச்லைட்.
எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத சின்னம் வேண்டுமென்று
மூன்று இரவு மண்டையை உடைத்துக்கொண்டு
கோமளேசன் வரைந்தவை.
அப்படியும் புகார் வந்தது.
"இந்தக் குடை யாரைக் குத்திக்காட்டுது?"
கோயில் கமிட்டிச் செயலாளர்.
மழையை, என்றேன்.

கையுறை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
பகலில் நாலு மணி நேரம் தூங்கி வந்திருக்கிறேன்.
எல்லாருக்கும் ஒரே பதிலைப் புதிதாய்ச் சொல்ல வேண்டும்:
ஒரே ஒரு பெருக்கல் குறி. ஒரே ஒரு கட்டத்தில்.
கையெழுத்து வேண்டாம். வாழ்த்தும் வேண்டாம்.
ஆமாம், ரகசியம்.
இல்லை, பணம் கிடையாது.
இல்லை, அரிசியும் கிடையாது.

பதினெட்டு முடிந்த பையன்
அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்துத் திடுக்கிடுகிறான்:
"நான் கேக்கவே இல்லையே அக்கா, எப்படிப் பேர் ஏறுச்சு?"
தனபாக்கியத்தின் பெயரும் இருக்கிறது,
மூன்றாம் டிவிஷன், லயம் பன்னிரண்டு.
அந்த லயத்தின் மேல் இப்போது டோல் சாவடி.
"அப்ப டோல்லயா போய் ஓட்டுப் போடணும்?"
சிரித்துவிட்டு, முகவரி மாற்றும் பாரத்தை
மடித்துக் கீரைப் பையில் செருகிக்கொள்கிறாள்.

பிறகு மனோன்மணி.
கன்டீன் ஏப்ரனைக் கழற்றாமல், நான்கு வாரமாய்.
முதல் வாரம் ஒன்றே ஒன்று கேட்டாள்:
"ஐசி காட்டணுமா?"
பயிற்சிதானே, வேண்டாம்.
"அப்பச் சரி."
கைலிக்குப் பின்னால் நெடுநேரம்.
வரிசையில் யாரோ, "உள்ள சமைக்கிறாங்களா?"
அடகுச் சீட்டைப் போல எட்டாய் மடித்ததைப்
பிளவில் அழுத்துவாள். சிக்கும்.
விரலால் குத்தி உள்ளே தள்ளுவாள்.
பிறகு இடது ஆள்காட்டி விரலை நீட்டுவாள்.
மை வாங்கக் காசில்லை;
கோமளேசன் மார்க்கர் பேனாவால் நகத்தில் ஒரு கோடு இழுப்பான்.

மூன்றாம் வாரம், பெயரைத் தேடிப் பார்க்கட்டுமா என்றேன்.
பர்சைத் திறந்து மூடினாள்.
அட்டை சிவப்பு.
பிறந்தது இதே புக்கிட் செராயா தோட்டத்து ஆஸ்பத்திரியில்.
அதை எழுதிவைத்த தாளைத்தான் எவரும் பார்த்ததில்லை.
"மகளுக்குச் சொல்லிக்குடுக்கத்தான் வர்றேன்," என்றாள்.
மகளை நான் பார்த்ததில்லை.

இரவு பதினொன்றரைக்கு எண்ணினோம்.
அறுபத்தொன்று. செல்லாதவை பதினான்கு.
ஒருவர் மூன்றுக்கும் குறி போட்டிருந்தார்,
யார் மனமும் நோகாமல்.
ஒருவர் 'கடவுள் துணை' என்று தொடங்கியிருந்தார்.

எண்ணுகிறவள் எல்லாவற்றையும் பிரிக்கத்தான் வேண்டும்.
ரகசியம், ரகசியம் என்று தொண்டை கட்டும்வரை சொன்ன நான்
இந்த ஒன்றை மட்டும், வாரா வாரம்,
யாருடையது என்று தெரிந்தே பிரிக்கிறேன்.
டார்ச்லைட்.
போன வாரமும் டார்ச்லைட்.
கட்டத்தின் மூலைக்கு மூலை, கோணாத குறி.

மேசையைக் காரில் ஏற்றிவிட்டு
அவள் குடியிருக்கும் ஏழாம் லோரோங்குக்கு நடந்தேன்.
நாலு கம்பம். ஒன்றுகூட எரியவில்லை.
காலை நாலரைக்கு அவள் பஸ்ஸுக்கு நடக்கிற தெரு.
சாக்கடை மூடி ஒன்று காணாமல் போயிருந்ததை
என் கால்தான் கண்டுபிடித்தது.

திங்கட்கிழமை, நகராண்மைக் கழக முகப்பில்
புகார் யாருடையது என்றார்கள்.
வாக்காளர் ஒருவருடையது, என்றேன்.
பாரத்தில் என் அட்டை எண்ணை எழுதினேன்.

நான்கு நாளாயிற்று. விளக்கு வரவில்லை.
மறுபடி போக வேண்டும், வீங்கிய கணுக்காலின் படத்தோடு.
அதற்கு முன் நாளைக்குச் சனிக்கிழமை.
வாளி மூடியை மடியில் கவிழ்த்து
பிளவை அரை அங்குலம் நீட்டுகிறேன்.
எட்டாய் மடித்தாலும் போகணும்.