அறுபத்தோராம் பக்கத்து மழை

ஆவணி மாதத்தில்
தேவிபுரத்துக்கு ஒரு மழை வேணுமென்று
படக்காரர் என்னைப் பிடித்தார்கள்.
நான் தண்ணிப் பவுசர் ஓடுகிறவன்.
முத்தையன்கட்டில் நிரப்பி
கிணறு வற்றின வீடுகளுக்கு ஊற்றுவது வேலை;
வீட்டுக்கு இருநூறு லீற்றர், கொப்பியில் கையொப்பம்.
மழைக்குக் கையொப்பம் வேண்டாமாம்.

புத்தகத்தில் இருக்கிறது என்றான் உதவி இயக்குநர்ப் பெடியன்.
அறுபத்தோராம் பக்கம்,
மஞ்சள் மை பூசின வரியைக் கொண்டுவந்து காட்டினான்:
அன்றைக்கு மழை விடவேயில்லை.
"உண்மைக் கதை அண்ணை,
ஒரு துளியும் குறையக்கூடாது."

நல்ல பெடியன். கொழும்பில் பிறந்தவன்.
அந்தக் கடைசி மாசியில்
இதே றோட்டில் நானும் நின்றதை
அவனுக்குச் சொல்லி என்ன.
லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஆறு தகரம்,
ஒரு கோழிக்கூடு, தையல் மெசினின் தலை மட்டும்.
வெயில்.
புழுதி பல்லுக்குள் நெறுநெறுத்தது.
ஒருவர் ஒரு போத்தல் தண்ணிக்கு
மோதிரத்தைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்,
விரல் வீங்கியிருந்தது.

பாலை மரக் கொப்பில் குழாயைக் கட்டி
வால்வைத் திறந்தேன்.
பெய்தது.
தலைக்கு இரண்டாயிரமும் சோற்றுப் பார்சலும் பேசி வந்த சனம்
பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினது.
ஓடின புஸ்பமலர் அக்கா
பாதியில் திரும்பி, தன் வீட்டுக்குள் போய்
வாளியோடு வந்தா.
பிறகு மற்றவையின் குடம். பிறகு அண்டா.
படத்துக்கென்று கரி பூசி வைத்த சட்டிகளையும்
விட்டுவைக்கவில்லை.

"கட்! கட்!
ஷெல் விழுகிற நேரம் ஆராவது தண்ணி பிடிப்பினமோ?"

"பெய்திருந்தால் பிடிச்சிருப்பம் தம்பி"
என்றா அக்கா, வாளியை விடாமல்.

இயக்குநருக்கு அது விளங்கவில்லை.
குடைக்குக் கீழே கதிரையில் இருந்த
வதனரூபி ரீச்சருக்கு விளங்கியது.
எழுதினவ அவதான்.

இரண்டாம் லோட் நிரப்பி வந்து நிற்க
பவுசர் கதவடிக்கு வந்தா.
"அந்த இடத்தில வேற ஒரு வரி இருந்தது.
எழுத ஏலாமப் போச்சு.
வெறுமையா விட்டா அச்சகத்தில கேட்பாங்கள்."
என்ன வரி என்று நான் கேட்கவில்லை.
"போய்ச் சொல்லட்டோ அவையளுக்கு?"
"சொன்னா அதையும் எடுப்பினம், ரீச்சர்."

சில்லுக்குப் பக்கத்தில் சொட்டுகிற தண்ணியைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா.
பிறகு,
"வடிவாத் திறந்துவிடுங்கோ" என்றா.

திறந்தேன்.
இந்த முறை ஒருவரும் வாளி எடுக்கவில்லை;
எல்லாவற்றையும் வாங்கி வானுக்குள் பூட்டியிருந்தார்கள்.
புத்தகத்தில் உள்ளபடியே பெய்தது.
விடவேயில்லை.

பின்னேரம் அடித்தண்ணி முந்நூறு லீற்றர் மிஞ்சினது.
அக்காவின் பீப்பாவுக்குள் விட்டேன்.
சபைக்குத் திரும்பி, ஓட்டப் புத்தகத்தில்
தூரம் எழுதி, நேரம் எழுதி,
காரணம் என்ற கட்டத்துக்கு முன்னால்
பேனையோடு இருந்தேன்.
வெறுமையாக விட்டால் கேட்பார்கள்.

குடிநீர் விநியோகம்
என்று எழுதினேன்.