கொம்புக்கல் மலை, சாவடி எண் பதினேழு

பென்னாகரத்துக்கு மேற்கே
தார் முடிகிற இடத்தில் லாரி நின்றுவிட்டது.
இனி கழுதை.
மாதையன் நான்கு ஓட்டி வந்திருந்தார்.
ஒன்றில் கட்டுப்பாட்டுக் கருவி,
ஒன்றில் பொத்தான் கருவி,
ஒன்றில் சீட்டு காட்டும் பெட்டி,
நான்காவதில் எங்கள் அரிசியும் என் தலையணையும்.
"நெளிச்சி மேல மட்டும் கைய வெக்காதீங்க டீச்சர்,
ஓட்டுப்பெட்டி தூக்குற அன்னிக்கு
அவளுக்குக் கொஞ்சம் திமிரு."

ஏழு கிலோமீட்டர் என்கிறது ஆணை.
மலை அந்த ஆணையைப் படித்ததில்லை.
ஒரு பாறையைச் சுற்ற அரைமணி,
வெப்பாலை நிழலில் மூச்சு வாங்க அரைமணி,
செருப்பின் வாரைக் கட்ட
காவலரின் முத்திரை நூலில் ஒரு சாண்.

இரண்டாம் திருப்பத்தில் நடுகல்.
வில்லோடு ஒருவன், காலடியில் நாய்,
மார்பில் மூன்று அம்பு.
மாடு மீட்கப் போய்ச் செத்தவனாம்.
யாருடைய மாடு என்றேன்.
"அத எழுதல.
எழுத வெச்சது மாட்டுக்காரன் இல்ல?"
காவலர் தன் தொப்பியைக் கழற்றி
அவன் தலையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அப்போதுதான் மூங்கில் முறிந்தது.
ஐந்து. அவற்றின் வயிற்றடியில் ஆறாவதாக ஒரு குட்டி.
ஓடையைக் கடக்க வந்தவை
கடக்காமல் தின்றுகொண்டிருந்தன.
காதுகூட அசைக்காமல் கழுதைகள்,
கழுதைகளின் பின்னால் நாங்கள்,
எங்கள் பின்னால் தேர்தல்.
ஒரு மணி இருபது நிமிடம்.
குட்டி திரும்பி எங்களைப் பார்த்தது,
பிறகு ஆர்வம் போய்விட்டது அதற்கு.

உச்சியில் அறுபத்தோரு வீடு,
சாமைக் கொல்லை, ஓர் ஓட்டுப் பள்ளிக்கூடம்.
காற்றில் அடிக்கும் அதன் கதவுக்கு
முட்டுக் கொடுத்திருந்தார்கள் ஒரு பீரங்கிக் குண்டை.
சுல்தானுடையதா கம்பெனியுடையதா,
யாருக்கும் தெரியவில்லை.
இரும்பு நல்ல இரும்பு என்றார்கள்.

மறுநாள் பன்னிரண்டாவதாகப் புட்டன் வந்தார்.
இடது கையை நீட்டினார்:
சுண்டுவிரல் மட்டும் இருந்தது.
"மத்தத கரடி வாங்கிக்கிச்சி,
தேனெடுக்கப் போனப்ப."
விதி கையேட்டில் இருக்கிறது:
ஆள்காட்டி விரல் இல்லாவிடில்
அதே கையின் வேறு விரல்.
கரடியை யோசித்து எழுதிய விதி அல்ல,
ஆனாலும் பொருந்தியது.
மை காயும்வரை அந்த ஒற்றை விரலைத்
தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நின்றார்.

சிக்கம்மா வாக்களித்துவிட்டுப் போகவில்லை.
கதவோரம், குண்டின் மேல் உட்கார்ந்திருந்தாள்.
ஐந்து மணிக்கு எழுந்து வந்து கேட்டாள்:
"அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா
இந்தப் பெட்டிக்குக் கழுத வருது.
எறங்குறப்ப எம் மருமவள ஏத்திட்டுப் போவுமா?
மாசமாச்சி. தூளி தூக்க ஆளில்ல,
எல்லாம் ஓசூருல கல்லு ஒடைக்கப் போயிட்டானுங்க."

கையேட்டைப் புரட்டினேன்.
கருவியோடு வேறு எவரும் பயணிக்கலாகாது
என்று ஒரு பக்கம் சொன்னது.
நான்காவது கழுதையைப் பற்றி
எந்தப் பக்கமும் பேசவில்லை.
அரிசியோ தீர்ந்திருந்தது.

யானைக்குப் பயந்து இரவு தங்கி
விடியலில் இறங்கினோம்.
கீழே தருமபுரியே இல்லை.
வெள்ளையாய் ஒரு கடல்,
அதில் தூரத்தில் இரண்டு மூன்று கரும்பாறைத் தீவுகள்,
எங்களுடையதும் ஒன்று.
வரிசை எண் இருநூற்றாறு, கெம்பி,
என் தலையணையை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு
கடலைப் பார்க்கவில்லை,
கழுதையின் பிடரியையே பார்த்தபடி
பல்லைக் கடித்து வந்தாள்.
நடுகல்லில் மாதையன் ஒரு கணம் நின்று
கயிற்றை இறுக்கினார்.
நெளிச்சி முன்னால் போக மறுத்தது;
கெம்பியின் கழுதைக்குப் பின்னால்தான் நடந்தது.

அடிவாரத்தில் ஆம்புலன்சும் லாரியும்
பக்கத்தில் பக்கத்தில் நின்றன.
முத்திரைகளை எண்ணினார்கள். சரியாக இருந்தது.
நாட்குறிப்பை நிரப்பினேன்:
பதிவான வாக்குகள், இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று.
வாகனம், கழுதை.
தாமதத்துக்குக் காரணம், நிலப்பரப்பு.
குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதேனும்,
இல்லை.

தலையணை அவளோடு போயிற்று.
அது அரசுப் பொருள் அல்ல.