பதினாறு பக்கம்

காகிதப்பட்டறை மாடி அறையில்
ஒற்றைக் கட்டிலின் மேல் கொட்டினோம்
பதினொன்றையும்.
கோட்டை மைதானத்துப் புழுதி
அட்டைகளில் விரல் தடமாய்.

முதல் வேலையாக
பில்லை ஒளித்தாள் ரெஹானா:
"சம்பளம் வரும்வரை
யாரும் கூட்டிப் பார்க்கக் கூடாது."

குணசுந்தரிக்கு ஒரே அளவுகோல்,
யூனிபார்ம் பாக்கெட்டில் நுழையுமா.
நுழைந்தவை இரண்டு, இரண்டும் கவிதை.
"ஒரு டிரிப்ஸ் இறங்குவதற்குள்
தீர்ந்துபோகுமே" என்று சலித்தாள்.

தடித்த ருஷ்ய நாவலை
மூவரும் தூக்கிப் பார்த்தோம்.
யாரும் கேட்கவில்லை.
வாங்கியது யார் என்றும்
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சமையல் புத்தகம் எனக்கு வேண்டாம் என்றேன்,
எடுத்து வைத்துக்கொண்டேன்.
இலவம்பாடி முள்கத்தரிக்காய்க்கு
அதில் ஒரு வரிகூட இல்லை.

பிறகுதான் பார்த்தோம்:
துப்பறியும் கதையில்
தொண்ணூற்றாறுக்கு அடுத்து
நூற்றுப் பதின்மூன்று.
இன்றோடு கடைசி நாள். கடைக்காரர்
இந்நேரம் மூட்டை கட்டியிருப்பார்.

"கொண்டா, அந்தப் பதினாறு பக்கத்தை
நானே எழுதித் தர்றேன்.
கொலைகாரன் காட்பாடியில் ரயில் மாறட்டும்."
"செத்தது யாருன்னே இன்னும் தெரியலியே, ரெஹானா."
"நம்ம மேட்ரன்," என்றாள் குணசுந்தரி
கவிதையிலிருந்து தலை தூக்காமல்.

ஏழே முக்கால். எட்டுக்கு எனக்கு நைட் டூட்டி.
வெறுங்கையோடு படி இறங்கி
பாதித் தெருவில் திரும்பி ஓடிவந்து
அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே
ஒன்றை உருவிக்கொண்டு போனேன்.

ஷேர் ஆட்டோவில்
மடியில் கனம்.
வழியெல்லாம் பயம்,
பக்கத்தில் இருப்பவர்
கதை எதைப் பற்றி என்று கேட்டுவிட்டால்.